மூன்று வரப்புக்கும் ஒரே தூரம்

சேகரு,

நேற்று சாயங்காலம் போனில் "சரிம்மா, மாடு இருக்கட்டும்" என்று சொன்னாய் பார், அதற்கப்புறம்தான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கியது. நான் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச வராது. நீ அந்தப் பக்கம் பஸ் சத்தத்தில் "இன்னா, இன்னா" என்பாய், நான் இந்தப் பக்கம் ஆரம்பித்ததையே மறுபடி ஆரம்பிப்பேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றுபோன எழுத்து, கொம்பும் காலும் இடம் மாறி இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள். கணக்கு வருகிற இடத்தில் மட்டும் உன் பொண்ணு சௌமியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அங்கே நான் தப்பாக எழுதியிருந்தால் அவள் திருத்துவாள். உன்னால் திருத்த முடியாது, உன் கணக்கு எனக்குத் தெரியும்.

மே லீவுக்கு அவளைக் கொண்டுவந்து விட நீ வந்த அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. என் முட்டியைப் பார்த்தாய், செவலை மாட்டைப் பார்த்தாய், அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாய்.

"இன்னாம்மா இது, எத்தினி வாட்டி சொல்றது? முட்டி இப்டி வீங்கிக்கினு இருக்குது, இதுல மாடு ஒரு கேடா?"

"மாடு இல்லன்னா காத்தால எழுந்து நான் இன்னாடா பண்ணுவேன்?"

"எங்கூட வந்து இரு. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. சரிபாதி. யாருக்கும் கொறை இல்ல."

"உன் வூடு மூணாவது மாடி. முட்டி வலிக்கு மாடிப்படி மருந்துன்னு கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லவே இல்லியே."

நீ சிரித்துவிட்டாய். ஆனால் சிரித்த வாயோடுதான் சொன்னாய், லீவு முடிந்து பாப்பாவைக் கூட்டிப்போக வரும்போது தரகரையும் கூட்டி வருவேன் என்று. அதற்குள் கரும்பில் மாடு மேய்ந்தது என்று பக்கத்து நிலத்து அஞ்சலை சின்னம்மாவிடமிருந்து இன்னொரு போன் வந்தால் அப்புறம் பேச்சே கிடையாது என்றும் சொன்னாய். நீ ஏறின பஸ் திரும்பின பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மாடு போனால் அதன் பின்னாலேயே நானும் போக வேண்டும், அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாட்டை விற்பது என்று நீ சொன்னதெல்லாம் என்னை இங்கிருந்து பெயர்ப்பதற்குத்தான். உன் மேல் குற்றம் சொல்லவில்லை. தனியாக விழுந்து கிடப்பாளே என்ற பயம் பிள்ளைக்கு இருக்கத்தானே செய்யும்.

நம் துண்டு நிலம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நாற்பது வருஷம் அதை மிதித்தும் எனக்கே அது இப்போதுதான் தெரிந்தது. மூணு மூலை நிலம். ஏர் திரும்ப இடம் பத்தாது என்று உன் அப்பா அதில் விதைக்கவே இல்லை, புல்லுக்கு விட்டுவிட்டார். ஒரு பக்கம் வாய்க்கால், அதுதான் இருப்பதில் சின்ன பக்கம். சிமெண்டு போட்டதிலிருந்து மாடு வழுக்கி இறங்கினால் திரும்ப ஏறாது. இன்னொரு பக்கம் ரோடு. டவுன் பஸ் போதாதென்று கரியாலூர் அருவி பார்க்கப் போகிற வேன்களும் இப்போது பறக்கின்றன. மூன்றாவது பக்கம்தான் ரொம்ப நீளம், அது அஞ்சலையின் கரும்பு. மூன்றில் எது ஆபத்து என்று என்னைக் கேட்டால் வாய்க்காலையும் சொல்ல மாட்டேன், பஸ்ஸையும் சொல்ல மாட்டேன், அஞ்சலையைத்தான் சொல்வேன்.

உன் அப்பா இருந்தவரை கயிறு குட்டையாக இருக்கும். காலையில் ஓரிடத்தில் மாடு கட்டுகிற முளையை அடிப்பார், வெயில் ஏறினதும் பிடுங்கி வேறிடத்தில் அடிப்பார், சாய்ந்ததும் இன்னொரு இடம். மாடு நிலம் பூராவும் மேயும், யார் பயிரிலும் வாய் வைக்காது. எனக்குக் குனிந்து முளையைப் பிடுங்கி, கல்லை எடுத்து மறுபடி அடிக்க முட்டி விடவில்லை. அதனால் முளையை ஓரிடத்திலேயே விட்டுக் கயிற்றை நீட்டிவிட்டேன். கயிறு நீண்டதும் செவலை கரும்புக்குள் போனது, அஞ்சலை உனக்குப் போன் போட்டாள். நீ சின்னப் பையனாக இருக்கும்போது அந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடு மாதிரி முளையைச் சுற்றுவாய், கயிறு இழுத்த இடத்தில் நின்று "ம்மா" என்று கத்துவாய். மாடு எதுவரைக்கும் போகலாம் என்று பார்க்கிறேன் என்பாய். அந்தக் கேள்வியைத்தான் உன் பொண்ணு இந்த மே மாசம் எனக்குத் தீர்த்துக் கொடுத்தாள்.

அவள் வந்த மறுநாள் அந்த நிலத்தைச் சுற்றி வந்தாள். வந்தவள், "ஆயா, இது முக்கோணம்" என்றாள். "மூணு மூலை இருந்தா முக்கோணந்தான்டி, அதுக்கா இவ்ளோ சந்தோசம்?" என்றேன். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே முளையை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டால் போதும், பிடுங்கவே வேண்டாம், மாடு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போகும், ஆனால் மூன்று பக்கத்தில் எதையும் தாண்டாது என்றாள். அப்படி ஒரு இடம் இருக்கிறதென்று யார் சொன்னது என்றேன். ஒன்பதாம் வகுப்பு புஸ்தகத்தில் இருக்கிறது, பரீட்சையிலும் வந்தது என்றாள். பரீட்சையில் வந்தது என்று சொல்லும்போது முகம் வாடிப்போனது. அப்புறம்தான் சொன்னாள், அந்தக் கேள்விக்குத் தப்பான கோடு போட்டு மார்க் போனதையும், பேப்பரைப் பார்த்து நீ கத்தினதையும்.

கச்சிராயபாளையத்துக்குக் கயிறு வாங்கப் போனோம். கயிற்றுக்கடை பாய், "எவ்ளோ வேணும்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "மூணு பக்கமும் தாண்டாத அளவுக்கு" என்கிறாள். பாய் கயிற்றுச் சுருளை எடுத்து முன்னால் போட்டார். "அந்த அளவுல கம்பெனிக்காரன் அனுப்பறதில்ல பாப்பா. கம்மியா வாங்கினா முடிச்சு போடணும், ஜாஸ்தியா வாங்கினா அறுக்கணும். ஜாஸ்தியா வாங்கிக்கோ, எனக்கும் நல்லது." பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மடியில் கயிற்றுச் சுருள், கண் ஜன்னலுக்கு வெளியே மலையில். நானும் பார்த்தேன். கல்வராயன் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. இந்த மலையை விட்டுவிட்டு மூணாவது மாடியில் போய் எதைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதே, எல்லாம் முடிந்துபோனது. முதல் தடவை நாங்கள் அடித்த முளை தப்பு. அவள் ஒவ்வொரு வரப்பையும் கயிற்றால் அளந்து, கயிற்றை ரெண்டாக மடித்து, வரப்பின் சரிபாதியில் குச்சி நட்டாள். அப்புறம் எதிர்மூலையிலிருந்து அந்தக் குச்சிக்கு நேராகக் கயிறு பிடித்தோம். மூன்று மூலையிலிருந்தும் மூன்று கயிறு. மூன்றும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன, சேகரு! ஒரு சாண் கூட விலகவில்லை. நானே கையைத் தட்டிவிட்டேன். மூன்று ஒன்றாய்ச் சேர்ந்தால் அது சரியான இடமாகத்தானே இருக்க வேண்டும் என்று ரெண்டு பேரும் நினைத்தோம். அங்கே முளையை அடித்தோம். எனக்கு வாய்க்கால் பயம் அதிகம் என்பதால் முளையிலிருந்து வாய்க்கால் ஓரம் வரைக்கும் அளந்து, அந்த நீளத்துக்குக் கயிற்றை அறுத்துச் செவலையைக் கட்டினோம். மற்ற ரெண்டு பக்கமும் அதே தூரம்தான் இருக்கும், எதற்கு அளப்பது என்றாள் அவள்.

செவலைக்கு எங்கள் நடுவைப் பற்றி என்ன கவலை? கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது, நேராகக் கரும்புக்குள் நடந்தது. கயிறு இழுக்கும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், கயிறு இழுக்கவே இல்லை. அதன் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அஞ்சலை எங்கேயிருந்துதான் வந்தாளோ, வரும்போதே போனைக் கையில் வைத்திருந்தாள்.

"யக்கா! உன் மாட்டுக்கு நான் என்னா சம்பந்தியா? தெனம் விருந்து வெக்க? இப்பவே உன் புள்ளைக்குப் போடறேன் போனை."

சௌமியா ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள். "அஞ்சலை ஆயா, நாந்தான் ஆயா தப்பா அடிச்சேன். எங்கப்பாவுக்குச் சொல்லாதீங்க, மாட்ட வித்துடுவாரு. நடுவுலதான் அடிச்சேன், நெசமா."

"நடு நடுன்றியே, என் கரும்புலேர்ந்து எவ்ளோ தூரம்னு பாத்தியாடி நீ? மூலைக்கு மூலை கயிறு புடிச்சிக்கினு நின்னியே, மூலையிலயா வந்து மாடு மேயுது? வரப்புல தானே மேயுது!"

அஞ்சலை வையத்தான் வைதாள். ஆனால் உன் பொண்ணு அழுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தாள். நான் மாட்டை இழுத்துக்கொண்டு வருவதற்குள் இவள், "ஒரே நாள் டைம் குடுங்க ஆயா" என்று கேட்டு வாங்கிவிட்டாள். அஞ்சலை போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, "நாளைக்கு வரைக்கும். அப்புறம் உங்கப்பன் கிட்ட பேச்சுதான்" என்று போனாள்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்து முக்கோணமாக வெட்டினாள். "ஆயா, நாம அடிச்சது நடுக்கோடு. பரிச்சையிலயும் இதையேதான் போட்டேன். அதுவும் ஒரு எடத்துல சேரும், ஆனா அது வேற எடம். நமக்கு வேண்டியது கோண இருசமவெட்டி" என்றாள். "இன்னாடி பேரு இது, வாயிலயே நுழையல" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தாளை என் கையில் கொடுத்தாள். ஒரு மூலையைப் பிடித்து, அந்த மூலையின் ரெண்டு ஓரமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் படியும்படி மடிக்கச் சொன்னாள். புடவை மடிப்பதுதானே, மடித்தேன். விரித்துப் பார்த்தால் மூலையிலிருந்து ஒரு மடிப்புக் கோடு. "இந்த மூலைய சரி ரெண்டா பங்கு போடுற கோடு இது. இந்தக் கோட்டு மேல எங்க நின்னாலும் இந்த ரெண்டு ஓரமும் உனக்கு ஒரே தூரம் ஆயா" என்றாள். யோசித்துப் பார்த்தேன். மடித்தால் ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தின் மேல் உட்கார்ந்துவிடுகிறதே, அப்புறம் ஒன்று கிட்டேயும் ஒன்று தூரமாகவும் எப்படி இருக்கும்? புரிந்துவிட்டது, சேகரு. என் வயசில் புதிதாக ஒன்று புரிவது எப்படி இருக்கும் தெரியுமா? வெயிலில் வந்து சொம்புத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

அடுத்த மூலையையும் அப்படியே மடித்தேன். ரெண்டு மடிப்பும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. அந்த இடம் முதல் மடிப்பின் மேல் இருப்பதால் ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் ஒரே தூரம். ரெண்டாவது மடிப்பின் மேலும் இருப்பதால் வாய்க்காலுக்கும் கரும்புக்கும் ஒரே தூரம். அப்படியென்றால் மூன்றுக்கும் ஒரே தூரம்தானே? "மூணாவது மூலைய மடிச்சுப் பாரு" என்றாள். மடித்தேன். தன்னால் வந்து அதே இடத்தில் சேர்ந்தது, யாரும் கூப்பிடாமல். நான் அந்தத் தாளை மடித்து மடித்து விரித்தேன், பால் சொசைட்டிக்குப் போகிற நேரத்தை மறந்து. தூரம் என்றால் சாய்த்து அளக்கக்கூடாது, வரப்புக்கு நேராக, மாடு குறுக்கு வழியில் போனால் எப்படிப் போகுமோ அப்படி அளக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

நிலத்தை மடிக்க முடியாதே, அதற்கு என்ன செய்வது என்றேன். அதற்கும் வைத்திருந்தாள் வழி. மறுநாள் காலையில் மூலையில் ஒரு குச்சி நட்டாள். அங்கிருந்து ரெண்டு வரப்பிலும் ஒரே அளவு கயிறு போகிற இடத்தில் வரப்புக்கொரு குச்சி. அந்த ரெண்டு குச்சியிலிருந்தும் ஒரே நீளக் கயிற்றை உள்பக்கமாகக் கொண்டுவந்து, ரெண்டு முனையும் தொடுகிற இடத்தில் இன்னொரு குச்சி. மூலைக் குச்சியையும் இந்தக் குச்சியையும் சேர்த்துக் கயிறு பிடித்து நேராக இழுத்துக்கொண்டே போனால் அதுதான் தாளில் நான் மடித்த கோடு. கரும்புப் பக்கத்து மூலைகள் ரெண்டிலும் இதைச் செய்தோம். நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து குச்சியைப் பிடித்துக்கொண்டேன், ஓடினதெல்லாம் அவள்தான். ரெண்டு கயிறும் வெட்டின இடம் முந்தின நாள் முளையிலிருந்து நல்ல தூரம் தள்ளி, வாய்க்கால் பக்கமாக விழுந்தது. அப்புறம் மூன்றாவது மூலையிலும், ரோடும் வாய்க்காலும் சேர்கிற மூலையில், குச்சி நட்டுக் கயிறு பிடித்தாள். சரியாக அந்த இடத்தின் மேலேயே போனது. போய் நிற்காமல் எதிரே அஞ்சலையின் வரப்பு வரைக்கும் கயிறு ஓடி முடிந்தது. அங்கேயும் ஒரு குச்சி நட்டாள்.

அந்தக் குச்சியால்தான் சண்டை திரும்பி வந்தது. அஞ்சலை வரப்பின் மேல் நின்று இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏண்டி, என் வரப்புல சரிபாதியில அடிக்காம வாய்க்கா பக்கமா தள்ளி அடிச்சிருக்கிற? யாரை ஏமாத்தறீங்க ஆயாளும் பேத்தியும்? நடுன்னா நடு. நேத்து அடிச்ச குச்சியாவது நடுவுல இருந்துச்சு."

"நேத்து நடுவுல அடிச்சதாலதான் ஆயா மாடு உள்ள வந்துச்சு. மூலைய சரிபாதியா வெட்டினா எதிர் வரப்பு சரிபாதியா வெட்டாது. ரெண்டு பக்க வரப்பும் ஒரே நீளமா இருந்தாத்தான் அப்படி. நம்ம ரோட்டு வரப்பு பெருசு, வாய்க்கா வரப்பு சின்னது. பெருசு பக்கம் பெரிய துண்டு போவும், சின்னது பக்கம் சின்ன துண்டு."

"வாயால சொன்னா ஆச்சா? அளந்து காட்டு."

அளந்தாள். வாய்க்கால் வரப்பு நீளத்துக்குக் கயிறு எடுத்தாள், அதையே ரோட்டு வரப்பில் வைத்தால் ரெண்டு தடவை போனது. அப்புறம் அஞ்சலை வரப்பில் குச்சியிலிருந்து வாய்க்கால் முனை வரைக்கும் கயிறு பிடித்தாள், அதையே குச்சியிலிருந்து ரோட்டு முனைக்கு வைத்தால் அங்கேயும் ரெண்டு தடவை. கடைசி முனையை அஞ்சலையே பிடித்திருந்தாள். கயிறு அவள் கையில் வந்து சரியாக முடிந்ததும் திரும்பி வந்து அந்தக் குச்சியைத் தானே இன்னும் ஆழமாக அழுத்திவிட்டாள்.

முளையை அடித்து, முளையிலிருந்து கரும்பு வரப்புக்கு நேராக அளந்து கயிற்றைப் பிடித்தோம். அந்தக் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும் என்றாள் சௌமியா. நான் எழுந்திருக்கப் போனேன். "நீ உக்காரு யக்கா, உன் முட்டிக்கு நீ சுத்தறதுக்குள்ள என் கரும்பு வெட்டு வந்துரும்" என்று சொல்லி அஞ்சலையே கயிற்று முனையை வாங்கிக்கொண்டாள். கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நடந்தாள். நான் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கையில் இருந்தது கயிறு இல்லை, நான் இந்த ஊரில் இருப்பதா போவதா என்பது. கரும்பு வரப்பை ஓரிடத்தில் தொட்டது கயிறு, தொட்டதும் விலகி உள்ளே வந்துவிட்டது. ரோட்டு ஓரத்துக்குப் போனது, ஓரிடத்தில் தொட்டது, வந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் அஞ்சலை காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அங்கேயும் ஒரு தொடல்தான். சுற்றி முடித்து வந்தவள், "மூணு பேருக்கும் ஒரு முத்தம் குடுத்துட்டு வந்துடுச்சுடி" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டவுன் பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்.

இதை எழுதும்போது உன் பொண்ணு பக்கத்தில் இருந்திருந்தால், "ஆயா, கழுத்த விட்டுட்டியே" என்பாள். ஆமாம், புஸ்தகத்து மாட்டுக்குக் கழுத்து கிடையாது. நம்முடையதற்கு உண்டு, நாக்கும் உண்டு. கயிறு முடிகிற இடத்தில் நின்று எட்டினால் வரப்பு தாண்டி வாய் போகும். அதற்கு இவள் ஒரு கரும்புத் தோகையைக் காட்டிக் காட்டிச் செவலையை எட்ட வைத்து, எவ்வளவு எட்டுகிறது என்று கயிற்றில் அளந்து, அந்த அளவைக் குறைத்துக் கட்டினாள். தோகை அஞ்சலை கொடுத்தது. "இதுதான் கடைசி" என்று சொல்லிக் கொடுத்தாள். கயிறு முளையில் சுற்றிக்கொண்டு குட்டையாகிவிடாமல் இருக்க வெல்டிங் பட்டறையில் வளையம் வைத்த கம்பியையே முளையாகப் போட்டோம். அந்தக் கம்பியை இன்றைக்கு வரைக்கும் நான் பிடுங்கவில்லை.

லீவு முடிந்து நீ வந்தபோது தரகர் வரவில்லை. அஞ்சலையிடமிருந்து போன் வராததால் ஆடி வரைக்கும் பார்ப்போம் என்றாய். ஆடி வரைக்கும் நான் ஒவ்வொரு நாளும் தரகர் வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் மழை பெய்தது, புல் எழுந்தது, செவலை தன் வட்டத்தைச் சுற்றி வந்தது. இப்போது வந்து பார், புல்லில் தட்டு வைத்து வரைந்த மாதிரி வட்டம் தெரியும். மூன்று மூலையிலும் மட்டும் மாட்டு வாய் எட்டாமல் புல் முழங்கால் உயரம் நிற்கும். அதை அஞ்சலை தன் ஆட்டுக்கு அறுத்துக்கொள்கிறாள். அறுத்துவிட்டு என்னோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போகிறாள். நீ நேற்று என்னிடம் கேட்காமல் அவளுக்குப் போன் போட்டு விசாரித்தாயாமே. எனக்குச் சொல்லிவிட்டாள். "உன் மாடு என் கரும்பைப் பாக்குது சேகரு, தொடல. பாக்கறதுக்கு நான் இன்னாடா பண்ண முடியும்?" என்றாளாம். அதற்கப்புறம்தான் நீ எனக்குப் போட்டது. பெத்தவளை நம்பாமல் அஞ்சலையை நம்பினாய். இருக்கட்டும், அவள் சொன்னதால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பாப்பாவிடம் மார்க்குக்காக இனிமேல் கத்தாதே. தப்பான கோட்டை அவள் பரீட்சைப் பேப்பரில் போட்டபோது நீ கத்தினாய், அவள் பயந்தாள், கோடு மட்டும் மனசில் நிற்கவில்லை. அதே கோட்டை மண்ணில் போட்டபோது அஞ்சலையும் கத்தினாள்தான். ஆனால் அவள் கத்தினதில் எங்கே தப்பு என்பது இருந்தது. கத்தாமல் இருக்க முடியாவிட்டால் அஞ்சலை மாதிரியாவது கத்து. இன்னொன்று, வீட்டில் உன் பொண்டாட்டிக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறேன், நடுவில் நிற்கிறேன் என்று அலுத்துக்கொள்வாயே, எதிலிருந்து அளந்து அந்த நடுவைப் பிடித்தாய் என்று பார். ரெண்டு பேருக்கும் தூரமாக மூலைக்கு மூலை கயிறு கட்டி நின்றால் அதுவும் நடு மாதிரிதான் தெரியும், கோடுகள் கூட அழகாய்ச் சேரும். ஆனால் யாரோ ஒருத்தியின் கரும்பு போய்க்கொண்டே இருக்கும்.

ஆறு மாசம் அங்கே ஆறு மாசம் இங்கே, சரிபாதி என்றாய். அதையும் யோசித்தேன், கல்லின் மேல் உட்கார்ந்து செவலை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே. சரிபாதி நியாயம் என்று நீ நினைப்பது அஞ்சலை அன்றைக்கு நினைத்ததுதான். என் ஆயுசில் இந்த ஊர்ப் பக்கத்து வரப்பு ரொம்ப நீளம், சேகரு. உன் ஊர்ப் பக்கத்து வரப்பு சின்னது, ஆனால் இல்லாமல் இல்லை. அங்கேயும் நீ இருக்கிறாய், மருமகள் இருக்கிறாள், கோண இருசமவெட்டி இருக்கிறாள். அதனால் பெரிய வரப்பு பக்கம் பெரிய துண்டு, சின்ன வரப்பு பக்கம் சின்ன துண்டு. வருஷத்தில் மூன்று பங்கு வைத்து ரெண்டு பங்கு இங்கே, ஒரு பங்கு அங்கே. கோடையில் புல் காய்ந்து, செவலையும் பால் வற்றி நிற்கிற காலத்தில் வருகிறேன். அப்போது மாட்டை யார் பார்ப்பது என்று கேட்பாய். நான் கேட்கவே இல்லை, அஞ்சலையாகவே சொன்னாள், "முளைதான் இருக்குதே, அவுத்துக் கட்டறதுக்கு இன்னா? நீ போய் உன் புள்ளை வூட்ல படி ஏறிட்டு வா" என்று.

படி ஏறுகிறேன், மெதுவாக, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து. பாப்பா பத்தாவது பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் இருந்து தாள் மடித்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒன்று. வந்தவளை அங்கேயே கட்டிப் போட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றினால், முளையை எங்கே அடிக்கணும் என்று முதலில் உன் பொண்ணைக் கேள்.

இப்படிக்கு,
செவலைக்குத் தண்ணீர் காட்டப் போகிற
உன் அம்மா